காகிதத்துக்கு அடியில் ஒரு வேங்கை மேசை

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டு மேசை காலியாகும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேலே கிடப்பதையெல்லாம் வாரிக் கட்டிலில் போட்டு, துடைத்து, விபூதி இழுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு பூவையும் வைப்போம். விஜயதசமி முடிந்ததும் கட்டிலில் படுக்க வேண்டுமே, வாரிப் போட்டதை அப்படியே வாரி மேசைக்குத் திருப்பிவிடுவோம். தூசி மட்டும்தான் போயிருக்கும். இந்த வருஷம் திருப்பிப் போடும் முன் எல்லாவற்றையும் பிரித்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

மேசை யாருடையது என்று சொன்னால் அதில் என்ன கிடந்தது என்பது பாதி புரிந்துவிடும். என் மாமனார் கிருஷ்ணகிரியில் பத்திர எழுத்தராக இருந்தவர். தொழிலை விட்டதும் கடையிலிருந்த மேசை பழையபேட்டை வீட்டுக்கு வந்தது. நாலடி நீளம், இரண்டடி அகலம், முப்பது அங்குல உயரம். வேங்கை மரம். நடுவில் அகலமான ஒரு டிராயர், வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று. மாமா காலமான பிறகு அது எல்லாருக்கும் பொதுவாகி, கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போகிற இடமாகிவிட்டது. மாத்திரை அட்டை, சார்ஜர், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கேஸ் பில், ஸ்க்ரூ டிரைவர், கோயில் விபூதிப் பொட்டலம். நான் ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். காலையில் லேப்டாப் வைக்கக் குவியலை இடதுபக்கம் தள்ளுவேன். சாயங்காலம் மகள் அதை வலதுபக்கம் தள்ளிவிட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள்.

பேனா ஸ்டாண்டு, அடுக்கு டிரே, டிராயருக்குள் வைக்கிற பிளாஸ்டிக் தடுப்பு இதையெல்லாம் முதலில் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. குவியலுக்குப் பெட்டி வாங்கினால் குவியல் பெட்டிக்குள் போய் உட்காரும், அவ்வளவுதான். மேசைமேல் கிடப்பதில் முக்கால்வாசி, அதை என்ன செய்வது என்று யாரும் முடிவு சொல்லாத பொருள். எங்கே வைப்பது என்பது அப்புறம் வருகிற கேள்வி. வைத்துக்கொள்வதா என்பதை முதலில் தீர்த்தாக வேண்டும்.

பிரிக்க அட்டைப் பெட்டி வேண்டும். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் முடிந்த வீட்டில் அதற்குப் பஞ்சமே கிடையாது. செந்தூராவும் மல்கோவாவும் வந்த பெட்டிகளை அத்தை மடித்துப் பரணில் போட்டு வைத்திருந்தார். காகிதத்துக்கு ஒன்று, வயர் சார்ஜர் பேட்டரி வகைக்கு ஒன்று, பேனா பென்சிலுக்கு ஒன்று, இந்த அறையைச் சேராத பொருளுக்கு ஒன்று. குப்பைக்குத் தனியாக ஒரு சாக்கு. முதல் சுற்றில் எதையும் படிக்கக் கூடாது, என்ன வகை என்று மட்டும் பார்த்துப் போட வேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்தேன். படிக்க ஆரம்பித்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். அத்தை உதவிக்கு வந்து உட்கார்ந்தார், விதி உடனே உடைந்தது.

"இது நம்ம பாலக்கோட்டுச் சித்தி மக கல்யாணப் பத்திரிகைம்மா. எப்படித் தூக்கிப் போடறது?"

"அந்தப் பொண்ணுக்கே இப்ப ரெண்டு பசங்க, அத்தை."

"சாமி படம் போட்டிருக்குதே."

நியாயமான சிக்கல்தான். பிள்ளையார் படத்தைக் குப்பையில் போட எந்த வீட்டிலும் கை வராது. அதனாலேயே பத்திரிகைகள் வருஷக்கணக்கில் சேர்கின்றன. படம் இருக்கும் பகுதியைக் கத்தரித்து ஒரு கவரில் போட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டேன். மிச்ச அட்டை நல்ல கெட்டி. அதை ஃபைலுக்குள் பிரிவு பிரிக்கிற தடுப்பாக வெட்டிக்கொண்டேன். கடையில் விற்கும் தடுப்பு அட்டையைவிட இது தேவலாம். ஓரத்தில் தங்கக்கோடு வேறு.

காகிதப் பெட்டிதான் கனம். அதை மூன்றாக்கினேன்: அசல் கட்டாயம் வேண்டியவை, கொஞ்ச காலம் மட்டும் வேண்டியவை, இன்றைக்கே போகலாம் என்பவை.

அசல் வகையில் கிரையப் பத்திரம், பாகப்பிரிவினை, தாய்ப் பத்திரம், மதிப்பெண் சான்றிதழ்கள். பத்திரம் தொலைந்துபோனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம், சரி. ஆனால் அடமானத்துக்கு வங்கிக்குப் போனால் அசல் எங்கே என்றுதான் கேட்பார்கள். அதனால் இந்த வகைக்கு மேசையில் இடமே இல்லை, பீரோவுக்குத்தான் போக வேண்டும் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

பழைய பத்திரங்களை வருஷ வாரியாக அடுக்க ஒரு குறுக்கு வழி கிடைத்தது. பாதித் தாள்களில் தேதி மங்கியிருந்தாலும் மாவட்டத்தின் பெயர் பெரிதாகத் தெரிகிறது. சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி தாலுகா என்றிருந்தால் 1965 அக்டோபர் 2-க்கு முந்தியது. அன்றுதான் தருமபுரி தனி மாவட்டமானது. தருமபுரி மாவட்டம் என்றிருந்தால் அதற்கும் 2004 பிப்ரவரி 9-க்கும் நடுவில் எழுதியது. அதற்கப்புறம் கிருஷ்ணகிரி மாவட்டம். நிலமும் கிணறும் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. பத்திரத்தில் பதிவு மாவட்டம் என்று தனியாக ஒன்று எழுதியிருப்பார்கள். அது பதிவுத்துறையின் பிரிவு, அதைப் பார்த்துக் குழம்பக் கூடாது. வருவாய் மாவட்டத்தைப் பார்த்து மூன்று கட்டாகப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டுக்குள்ளும் தேதியைத் துருவினால் வேலை சீக்கிரம் முடிகிறது.

இந்தத் தாள்களைக் கரையானோ எலியோ தொடவில்லை. கெடுத்தது ரப்பர் பேண்டும் குண்டூசியும்தான். ரப்பர் பேண்டு முதலில் இளகி ஒட்டும், அப்புறம் காய்ந்து பழுப்புக் கோடாகத் தாளோடு சேர்ந்துவிடும். இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். முழுதாகக் காய்ந்ததை நகத்தால் மெல்லத் தட்டினால் பொடிப்பொடியாக உதிர்கிறது. பாதி காய்ந்ததை அப்படியே விட்டுவிட்டேன். துருப்பிடித்த குண்டூசியை நேராக உருவினால் ஓட்டை கிழிந்துவிடுகிறது. இடமும் வலமும் லேசாகத் திருகித் துருவின் பிடியை விடுவித்த பிறகு உருவ வேண்டும். ஜெம் கிளிப்பும் இதே ஜாதி. இவற்றுக்குப் பதில் பாவாடை நாடா வாங்கிக் கட்டினேன். பருத்தி நாடா துருப்பிடிக்காது, உருகாது, விலையும் அற்பம். அரசு அலுவலகக் கட்டுகளை நாடாவால் கட்டி வைப்பது சும்மா இல்லை.

பிளாஸ்டிக் கவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெத்தென்று வளைகிற கவருக்குள் வருஷக்கணக்கில் இருந்த ஜெராக்ஸ் ஒன்றை உருவினேன். தாள் வெளியே வந்தது, எழுத்து கவரிலேயே தங்கிவிட்டது. கவரை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு முழு வில்லங்கச் சான்றிதழை இடவலம் மாறிப் படிக்கலாம். அந்த வகைக் கவர் பி.வி.சி. அதை மெத்தென்று ஆக்கச் சேர்க்கிற பொருள் வெளியே கசிந்து ஜெராக்ஸ் மையையும் இளக்கிவிடும். எல்லாவற்றையும் உருவிக் காகிதக் கவருக்கு மாற்றினேன். லேமினேஷனும் பத்திரங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஒருமுறை சூட்டில் ஒட்டினால் பிரிக்க வழியே இல்லை.

கட்டுகளுக்கு நடுவே வசம்புத் துண்டு இரண்டும் காய்ந்த வேப்பிலையும் வைத்தது அத்தையின் வேலை. வெள்ளிப் பூச்சி மாவுப் பசையைத்தான் தேடிப் போகும். கவரின் மடிப்பு, பசை வைத்து ஒட்டிய ஸ்டாம்பின் ஓரம், இந்த இடங்களில்தான் அரித்திருந்தது. அதனால் பசை போட்ட பழைய கவர்களை மொத்தமாகக் கழித்துவிட்டேன்.

கொஞ்ச காலம் மட்டும் வேண்டியவற்றில் முதல் எதிரி கடை பில். மெஷினிலிருந்து வெதுவெதுப்பாகக் கிழித்துத் தருகிறார்களே, அந்தத் தாளில் மை கிடையாது. தாளில் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்து. நாள் ஆக ஆக அது வெளுத்துவிடும், வெயிலிலும் பிளாஸ்டிக் கவரிலும் இன்னும் சீக்கிரம். எங்கள் ஃப்ரிட்ஜ் வாரண்டி அட்டையோடு பின் செய்திருந்த பில் இப்போது வெறும் வெள்ளைத் துண்டு. இதைக் காப்பாற்றுகிறேன் என்று லேமினேஷன் மெஷினில் விட்டால் சூட்டில் முழுத் தாளும் கறுப்பாகிவிடும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாரண்டி அட்டையின் முதுகில் ஒட்டிவிடுவதுதான் வழி. வருமான வரித் தாள்களை நான் எட்டு வருஷம் வைத்துக்கொள்கிறேன். அது கொஞ்சம் அதிக ஜாக்கிரதை என்று எனக்கே தெரியும். கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு அந்தப் பயம் போகாது.

மின்வாரிய வெள்ளை அட்டை நடு டிராயரில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வரும்போதெல்லாம் வீட்டில் ஓட்டமும் கூச்சலும் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. மீட்டர் பக்கத்தில் ஆணி அடித்து, ஓட்டை போட்டு, நூல் கட்டித் தொங்கவிட்டாயிற்று. மாத்திரைகள் சமையலறை அலமாரிக்குப் போயின, தண்ணீர் அங்கேதானே இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் ஸ்கூட்டர் நிற்கிற இடத்துக்கு. இந்த அறையைச் சேராத பெட்டியில் விழுந்தவை எல்லாம் இப்படித் தங்கள் இடத்துக்கு நடந்துபோனதிலேயே மேசையில் பாதி தெரிந்துவிட்டது.

அடியில் சிண்டிகேட் வங்கியின் பழைய காசோலைப் புத்தகம் ஒன்று கிடந்தது. அந்த வங்கி 2020 ஏப்ரல் 1-இல் கனரா வங்கியோடு சேர்ந்துவிட்டது. செல்லாத காசோலை என்றாலும் கணக்கு எண் அச்சடித்திருக்கிறது. மாமா இரண்டு தாளில் கையெழுத்து வேறு போட்டு வைத்திருந்தார். கையெழுத்தையும் கீழே எண் வரிசை ஓடும் பட்டையையும் தனித்தனியாகக் கிழித்தேன். காசோலைகளுக்கு நடுவே ஒரு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு. இந்த நோட்டு செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8 ராத்திரி வீட்டில் எல்லா டப்பாவையும் கொட்டித் தேடியும் கிடைக்காமல் தப்பியது இது. வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பத்து நோட்டுக்கு மேல் வைத்திருந்தால்தான் 2017 சட்டப்படி அபராதம். மகள் தன் நாணய டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

வலப்பக்கம் அடி டிராயரைத் திறந்தபோது வேகம் குறைந்துவிட்டது. அதில் இருந்தவை எங்களுடைய தாள்களே இல்லை. மாமா மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த பத்திரங்களின் வரைவுகள். ஒரு முழு வெள்ளைத்தாளை நீளவாக்கில் மடித்து, இடப்பக்கம் விளிம்பு விட்டு, ஊதா மையில் எழுதியிருக்கிறார். அடித்தல் திருத்தல் எல்லாம் விளிம்பில். ஒன்றில் செக்குபந்தி, அதாவது நிலத்தின் நாலு பக்க எல்லை விவரம் மட்டும் மூன்று தடவை அடித்து எழுதியிருந்தது. கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடை, வடக்கே இன்னாருடைய புஞ்சை என்பது வரை தெளிவு. தெற்கு மட்டும் முதலில் புளியமரம், அப்புறம் வேலி, கடைசியில் மறுபடியும் புளியமரம். விற்றவரும் வாங்கியவரும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சண்டை போட்டிருப்பார்கள்.

இதை என்ன செய்வது? கையெழுத்தோ முத்திரையோ இல்லாத வரைவுக்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் கிடையாது. ஆனால் பெயரும் சர்வே எண்ணும் தொகையும் இருக்கிறது. எடைக்குப் போட மனம் வரவில்லை. அத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்து, இது காவேரிப்பட்டணத்துக்காரர், இது பர்கூர் ஜவுளிக்கடைக்காரர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் இப்படி முடிவானது: வரைவு எல்லாம் அழிப்பு, யாருடைய அசலாவது இருந்தால் திருப்பிக் கொடுப்பது. தேடியதில் ஒரு பழைய பட்டாவும், வேறொரு வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழும் நிஜமாகவே அகப்பட்டன. பட்டாக்காரர் வீட்டுக்கு அத்தையே போன் போட்டார்.

"ஏண்ணே, எங்க வீட்டுக்காரர் மேசையில உங்கப்பா பட்டா கிடக்குது. வந்து வாங்கிட்டுப் போங்க. இல்லண்ணே, காசெல்லாம் வேணாம்."

செக்குபந்தித் தாளை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன், பெயர்களைக் கத்தரித்துவிட்டு.

அழிக்க வேண்டிய தாள் இப்போது ஒரு பெட்டி நிறைய. ஆதார் ஜெராக்ஸ் மட்டுமே ஒரு கட்டு. இரண்டு கேட்ட இடத்துக்கு ஐந்து எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். இவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடக் கூடாது. பஜ்ஜி மடித்துத் தந்த தாளில் யாரோ ஒருவருடைய சம்பளச் சீட்டை எண்ணெய்க்கறை வழியே படித்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. கொளுத்தினால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள். கிழிக்கிற மெஷின் வாங்கலாமா என்று கேட்டேன். அத்தை ஊறப் போடு என்றார்.

அவர் சின்ன வயதில் பழைய காகிதத்தில் கூடை செய்வது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊற வைக்க வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாறும். வழவழப்பான அட்டையும் பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளும் ஊறாது, அவற்றை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். ஊறியதைப் பிழிந்து ஆட்டுக்கல்லில் போட்டு, தனியாக ஊற வைத்த வெந்தயத்தையும் சேர்த்து ஆட்ட வேண்டும். கிரைண்டரில் போட அத்தை விடவில்லை, மறுநாள் இட்லிக்கு ஆதாரை அரைக்கணுமா என்று கேட்டார். ஒரு படி கூழுக்கு ஒரு கைப்பிடி வெந்தயம் என்பது அவர் கணக்கு. வெந்தயத்தின் வழவழப்புதான் இதற்குப் பசை. அந்தக் கசப்புக்குப் பூச்சியும் வராது.

அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணியைப் போர்த்தி, கூழை அரை அங்குலக் கனத்துக்கு அப்பினோம். உள்ளங்கையால் தட்டத் தட்டத் தண்ணீர் பிதுங்கி வழிகிறது. அடியிலிருந்து விளிம்பை நோக்கித் தட்ட வேண்டும், விளிம்பு மெலிந்தால் காயும்போது அங்கேதான் விரிசல் விடும். முதல் வெயிலில் பாதி காய்ந்ததும் கையை நனைத்துக்கொண்டு இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பு இறுகுகிறது. நன்றாகக் காய்ந்த பிறகு சட்டியைக் கழற்றித் துணியை உரித்துவிடலாம். சாம்பல் நிறத்தில், அங்கங்கே ஊதாப் புள்ளியோடு, தட்டினால் மரம் மாதிரி சத்தம் வருகிற ஒரு கிண்ணமும் ஒரு நீளத் தட்டும் கிடைத்தன. பேனாவுக்குத் தட்டு, சில்லறைக்கும் சாவிக்கும் கிண்ணம். மைதாப் பசையில் வண்ணத்தாள் ஒட்டலாம் என்றாள் மகள். பசை வைத்தால் வெள்ளிப் பூச்சி வரும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

காலியான மேசையை ஈரத்துணியால் துடைத்ததும் துணி மஞ்சள் பழுப்பாகிவிட்டது. அழுக்கு இல்லை, வேங்கையின் சாயம். பாலிஷ் தேய்ந்த இடத்தில் தண்ணீர் பட்டால் இறங்கும். வெள்ளைத் தாளோ துணியோ ஈரத்தோடு வைத்தால் கறை நிச்சயம். அதற்கப்புறம் உலர்ந்த துணி மட்டும்தான். ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டு மேல்பலகைக்கு மட்டும் உப்புத்தாள் போட்டு பாலிஷ் ஏற்றச் சொன்னோம்.

டிராயர் வேலையை நானே செய்தேன். இரண்டாவது டிராயர் ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு தை வரைக்கும் திறக்காது. முழுதாக உருவிப் பார்த்தால் உரசுகிற இடம் பளபளவென்று தெரியும். அந்த இடத்தை மட்டும் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 120-ஆல் வழவழப்பாக்கி, மெழுகுவத்தியை அழுத்தித் தடவினால் போதும். கண்டபடி இழைத்துவிட்டால் கோடையில் மரம் சுருங்கியதும் கடகடவென்று ஆடும். எண்ணெய் விடுவதும் தப்பு, தூசியைப் பிடித்து மண்டியாகும். நடு டிராயரின் அடிப்பலகை தொய்ந்து, பின்னாலிருந்த இடுக்கு வழியே பேனாக்கள் கீழே விழுந்துகொண்டிருந்தன. பின்பக்க ஆணிகளைக் கழற்றினால் பிளைவுட் காடியிலிருந்து நழுவி வந்துவிடும். தொய்வு மேலே பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு ரீப்பர் கட்டையைக் குறுக்கே அறைந்தேன். புதுப் பலகையே தேவைப்படவில்லை.

வயர்ப் பெட்டியில் யாருக்கும் சுவாரசியமான கதை இல்லை. போன் செத்தும் சார்ஜர் சாகாது என்பதுதான் மொத்த விஷயம். பழைய மெல்லிய பின் சார்ஜர்கள், மினி யூ.எஸ்.பி. வயர்கள் எல்லாம் போயின. சி டைப் மூன்று, மைக்ரோ ஒன்று நிறுத்திக்கொண்டேன். ஒரு பழைய போனின் பேட்டரி உப்பி முதுகு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதைக் குத்தவோ அழுத்தவோ குப்பையோடு போடவோ கூடாது, லித்தியம் தீப்பிடிக்கும். தனியாக ஒரு மண்சட்டியில் மணல் போட்டு வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தோம். டார்ச்சுக்குள் ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அது காரம். எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்த்தி, ஸ்பிரிங்கைச் சுரண்டியதும் டார்ச் எரிந்தது.

மேசைக்கு அடியில் வயரை ஒழுங்குபடுத்தத் தனியாக டிரே எதுவும் வாங்கவில்லை. எலக்ட்ரிகல் கடையில் சுவருக்கு அடிக்கிற பி.வி.சி. கேசிங் ஒரு நீளம் வாங்கி, பின் விளிம்புக்கு அடியில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். பலகை ஒரு அங்குலம் என்பதால் 12 மி.மீ. ஸ்க்ரூதான், பெரியது போட்டால் மேலே எட்டிப் பார்க்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் முதுகில் மாட்டுவதற்கு இரண்டு துளை இருக்கும். அதன்மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் துளைகளின் அச்சு விழும். அந்தத் தாளைப் பலகையில் ஒட்டி அதே புள்ளிகளில் ஸ்க்ரூ போட்டால் பாக்ஸ் சரியாக உட்காரும். பிளக் செருகும் துளை கீழ்நோக்கி இருந்தால் பிளக் தொங்கி நழுவுகிறது, மேல்நோக்கி இருந்தால் தூசியும் எறும்பும். பக்கவாட்டில் திருப்பி மாட்டினேன். இந்த பாக்ஸில் லேப்டாப், விளக்கு, ரவுட்டர் மட்டும். 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1380 வாட்தான் தாங்கும். அயர்ன் பாக்ஸை இங்கே செருகக் கூடாது என்று மேலே எழுதியே ஒட்டிவிட்டேன். ஒட்டியும் ஒரு தடவை செருகினார்கள்.

லேப்டாப்பைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி. அதற்கு ஸ்டாண்டு வேண்டும். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் ஸ்டாண்டு வாங்குவானேன்? பர்கூர் போகிற வழியில் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையில் வெட்டி மிஞ்சிய கறுப்புத் துண்டுகள் ஓரமாகச் சாய்த்திருந்தன. இரண்டடிக்கு ஒன்பது அங்குலம் கேட்டேன். முன் விளிம்பை மட்டும் உருட்டிப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். கல்லுக்கு வாங்கியதைவிட விளிம்புக்கு வாங்கியது அதிகம். 18 மி.மீ. கனத்தில் அந்த அளவு கல் ஏழு கிலோவை ஒட்டி வருகிறது. பழைய கட்டில் காலில் அறுத்த ஆறு அங்குலத் துண்டுகளைக் கால்களாக்கி அரால்டைட் போட்டு ஒட்டினேன். கால்களை ஓரத்தில் வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் நடுவில் கல்லுக்குச் சுமை குறைகிறது. அடியில் ரப்பர் வாஷர், இல்லாவிட்டால் புது பாலிஷ் காலி. இப்போது திரையின் மேல்விளிம்பு என் கண் மட்டத்துக்கு வந்துவிட்டது. தனிக் கீபோர்டு ஒன்றை வைத்துக்கொண்டேன், வேலை முடிந்ததும் அது கல்லுக்கு அடியில் போய்விடும். மே மாதத்தில் கையை அந்தக் கல்மேல் வைத்துக்கொள்வது தனிச் சுகம் என்று மகள் இப்போதே சொல்கிறாள்.

புதிதாக வருகிற காகிதத்துக்குப் பழைய மளிகைக்கடைக் கம்பி. கீழே வட்ட மரக்கட்டை, மேலே கொக்கி, பில்லைக் குத்திக் குத்தி ஏற்றிக்கொண்டே போவார்களே, அதேதான். பாத்திரக்கடைத் தெருவில் இன்னும் விற்கிறார்கள். மேசைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். யார் எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும் கம்பியில் குத்த வேண்டும், மேசையில் வைக்கக் கூடாது. பழையது தானாகவே அடியில் இருக்கும், தேதி பார்க்கத் தேவையில்லை. கம்பி நிறைந்ததும் கழற்றிப் பிரிப்பேன். என் வீட்டுக்காரர் முதல் வாரமே ரேஷன் ஸ்மார்ட் கார்டைக் குத்தப் போனார், நல்லவேளையாகக் கம்பி அதற்குள் இறங்கவில்லை.

மேசையின் மேல் இப்போது கல் ஸ்டாண்டு, விளக்கு, பேனாத் தட்டு, சாவிக் கிண்ணம். மேல் டிராயர் எனக்கு, இரண்டாவது மகளுக்கு, அடி டிராயர் காலி. அதைக் காலியாகவே விடச் சொல்லியிருக்கிறேன். அத்தை ஏற்கெனவே அதில் ஒரு மல்கோவாப் பெட்டியை மடித்து வைத்திருக்கிறார்.

பாக்கி இருப்பது நடு டிராயரின் பூட்டு. பித்தளைப் பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, சாவிதான் இல்லை. பெட்டிகளில் அகப்பட்ட சாவிகளில் ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை. கடையில் கிடைக்கும் புதுப் பூட்டு பழைய குழியைவிடப் பெரியது. குழியை வெட்டிப் பெரிதாக்க ஆசாரி அண்ணனுக்கு மனசில்லை, எனக்கும் இல்லை. பூட்டைக் கழற்றிக் கொண்டுபோய் அதற்கென்று ஒரு சாவி ராவி வாங்க வேண்டும். அதுவரை இப்போதைய காசோலைப் புத்தகமும் பீரோவிலேயே இருக்கட்டும்.